கதவைக் கழற்றிவிட்டு ஆஃப் ரோடு ஓட்டுவது எப்படி

கதவு இல்லாத ஜீப்பில் காற்று வாங்குவதும் படம் எடுப்பதும் ஒரு பக்கம் இருக்கட்டும். உருப்படியான லாபம் வேறு ஒன்று இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைக் கொஞ்சம் திருப்பிக் கீழே பார்த்தாலே போதும், முன் டயர் எந்தக் கல்லை ஒட்டிப் போகிறது, பின் டயர் எந்தப் பள்ளத்தில் இறங்கப் போகிறது என்று தெரிந்துவிடும். கதவு இருக்கும்போது ஊகித்து ஓட்டிய இடங்களையெல்லாம் இப்போது கண்ணால் பார்த்து ஓட்டலாம். பாறைப் பாதையில் மெதுவாகப் போகிறவர்கள் கதவைக் கழற்றுவதற்கு இதுதான் முக்கியமான காரணம்.

ஆனால் நீங்கள் வெளியே பார்க்க உதவும் அந்தத் திறப்பு, நீங்கள் வெளியே விழவும் வழிதான். கதவு மூன்று வேலை செய்கிறது: பக்கவாட்டில் இடிக்க வருவதைத் தாங்குகிறது, ஆளை உள்ளேயே வைத்திருக்கிறது, கை கால் வெளியே போகாமல் தடுக்கிறது. கழற்றிவிட்டால் முதல் வேலையைச் செய்ய யாரும் இல்லை. இரண்டாவதை சீட் பெல்ட் மட்டும் செய்யும். மூன்றாவது முழுக்க உங்கள் பொறுப்பு. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போகிற எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

எந்த வண்டியில் செய்யலாம்

கழற்றுவதற்கென்றே செய்த கதவு உள்ள வண்டியில் மட்டும். ஜீப் ராங்லர், 2021 மாடலிலிருந்து வரும் ஃபோர்டு பிரான்கோ போன்றவை இந்த வகை. இவற்றில் கீல் வெளியில் தெரியும்படி இருக்கும், வயருக்குக் கனெக்டர் தனியாக இருக்கும், கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்ச் கதவில் இல்லாமல் நடுவில் இருக்கும். சாதாரண எஸ்யூவி ஒன்றின் கதவை ஸ்பேனர் போட்டுக் கழற்றிவிட முடியும் என்பதற்காகக் கழற்றாதீர்கள். அந்த வண்டியின் பக்கவாட்டுப் பாதுகாப்பு முழுவதும் கதவை நம்பியே அமைக்கப்பட்டிருக்கும், ஏர்பேக்குக்கான சென்சார்கூடக் கதவுக்குள் இருக்கலாம்.

கதவில்லாத வண்டி ஒன்றும் புதிதல்ல. 1941-இல் வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பில் உலோகக் கதவே கிடையாது, திறப்பின் குறுக்கே ஒரு பட்டை மட்டும் மாட்டுவார்கள். இன்றைக்கும் சிலர் அதே மாதிரிப் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது முழங்காலும் பையும் சரியாமல் தடுக்கும், அவ்வளவுதான். வண்டி புரண்டால் ஆளைப் பிடித்து நிறுத்தும் பலம் அதற்கு இல்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பொதுச் சாலையில் கதவில்லாமல் ஓட்டலாமா என்பது நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் கதவைப் பற்றி விதி எதுவும் சொல்லாது, ஆனால் பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடி கட்டாயம் என்று சொல்லும். ராங்லரில் அந்தக் கண்ணாடி கதவிலேயே இருக்கிறது, அதனால் கதவோடு சேர்ந்து அதுவும் போய்விடும். பிரான்கோவில் கண்ணாடியை முன் கண்ணாடிச் சட்டத்துக்கு அருகே வண்டியின் உடம்பிலேயே பொருத்தியிருக்கிறார்கள், கதவைக் கழற்றினாலும் அது இருக்கும். இன்னொன்று: ஜீப்பின் கையேடே, கதவு கழற்றும் முறை ஆஃப் ரோடு பயன்பாட்டுக்கு மட்டும்தான், பொதுச் சாலையில் கதவில்லாமல் ஓட்டாதீர்கள் என்று எச்சரிக்கிறது. செய்தவர்களே சொல்வதை நான் மதிக்கிறேன். பாதை தொடங்கும் இடம் வரை கதவோடு போய் அங்கே கழற்றுவதுதான் நல்லது, வைக்க இடம் இருந்தால். நாலு கதவு பிரான்கோவில் கழற்றிய கதவுகளை உறையில் போட்டு வண்டியின் பின்பக்கத்திலேயே அடுக்கிக்கொள்ளலாம். ராங்லரில் அந்த வசதி இல்லை, அதனால் கதவுகளை இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அல்லது ஜீப்பையே டிரெய்லரில் கொண்டுபோக வேண்டும்.

கழற்றும் முறை

முதலில் கதவுக் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்குங்கள். வயரைப் பிடுங்கிய பிறகு இறக்க முடியாது, ஏறியிருக்கும் கண்ணாடியோடு கதவைத் தூக்கினால் எங்காவது இடித்து உடையும். அப்புறம் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள்.

அடுத்து வயர். முன் கதவுக்கான கனெக்டர் டேஷ்போர்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் இருக்கும். சின்னப் பிளாஸ்டிக் மூடி ஒன்றைத் திறந்தால் தெரியும். கனெக்டரில் ஒரு பூட்டுத் தாழ் உண்டு. அதை முதலில் தள்ளி விடுவித்துவிட்டு, பிறகு பிடியை அழுத்தி இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. நாலு கதவு ராங்லரில் பின் கதவின் கனெக்டர் நடுத் தூணின் அடியில் மூடிக்குப் பின்னால் இருக்கும், முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளினால்தான் கை போகும். பிடுங்கிய வயரைக் கதவுப் பக்கம் சுருட்டி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், தூக்கும்போது காலில் மாட்டாது. வண்டிப் பக்கம் இருக்கும் முனைக்கு மூடி இருந்தால் மூடுங்கள், இல்லாவிட்டால் சின்னப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். சகதித் தண்ணீர் அங்கேதான் முதலில் தெறிக்கும்.

பிறகு, கதவு அளவுக்கு மேல் திறக்காமல் பிடித்திருக்கும் பட்டை அல்லது கம்பியை விடுவிக்க வேண்டும். இதை விடுவித்த நொடியிலிருந்து கதவை யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றடித்தால் கதவு முழுக்கத் திரும்பிப் போய் முன் பக்க உடம்பில் மோதிப் பெயிண்டைப் பெயர்த்துவிடும். கதவுகளில் விழும் பெரும்பாலான சிராய்ப்புகள் இந்த இடைவெளியில் விழுபவைதான்.

கடைசியாகக் கீல். 2018-இல் வந்த ஜேஎல் என்னும் தலைமுறை ராங்லரில் இதற்கு டி50 டார்க்ஸ் பிட் (ஆறு முனை நட்சத்திர வடிவத் திருகு முனை) வேண்டும், வண்டியோடு கொடுக்கும் டூல் கிட்டிலேயே இருக்கும். கீலிலேயே அளவு பொறித்திருப்பார்கள். மற்ற மாடல்களுக்குக் கையேட்டைப் பாருங்கள், ஏறத்தாழ பொருந்துகிற பிட்டைப் போட்டுத் திருகித் தலையை மழுக்கிவிடாதீர்கள். மேல் கீலில் ஒரு திருகு, கீழ்க் கீலில் ஒரு திருகு, இரண்டையும் எடுத்த பிறகு கதவு வெறுமனே கீல் துளையில் செருகிய முள்ளின் மேல் உட்கார்ந்திருக்கும். நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். சாய்த்துத் தூக்கினால் முள் சிக்கும், அல்லது கீல் பெயிண்டில் உரசும்.

இரண்டு பேர் இருந்தால் நல்லது. முழுக் கதவுக்குள் கண்ணாடி, மோட்டார், பூட்டு எல்லாம் இருக்கிறது, எடை ஒரே சீராக இருக்காது. ஒருவர் கீல் பக்கமும் மற்றவர் பூட்டுப் பக்கமும் பிடித்து, எண்ணிக்கொண்டு ஒரே நேரத்தில் தூக்குங்கள். தனியாகச் செய்தே ஆக வேண்டுமென்றால் கதவுக்குள் தோளைக் கொடுத்து, ஒரு கையால் அடிப்பாகத்தையும் இன்னொரு கையால் கண்ணாடி இறங்கிய விளிம்பையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலை ஊன்றி எழுந்திருங்கள்.

தூக்கியவுடன் கீல் முள்ளைப் பாருங்கள். சில மாடல்களில் முள்ளைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அது சில சமயம் முள்ளோடு வரும், சில சமயம் கீல் துளையிலேயே தங்கிவிடும், சில சமயம் புல்லில் விழுந்து காணாமல் போகும். அது இல்லாமல் திரும்ப மாட்டினால் உலோகமும் உலோகமும் உரசி, கதவு கிறீச்சிட்டு ஆடும். நான்கு கதவின் திருகுகளையும் வளையங்களையும் தனித்தனிப் பையில் போட்டு எந்தக் கதவுக்கு என்று எழுதி வையுங்கள்.

கழற்றிய கதவை அதன் கீழ் விளிம்பில் தரையில் நிறுத்தாதீர்கள், ரப்பர் நசுங்கும், பெயிண்ட் போகும், ஒரு காற்று போதும் சாய்ந்துவிட. சுவரில் கொக்கி அடித்து மாட்டலாம், இல்லாவிட்டால் தடித்த போர்வை மேல் படுக்க வைக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

கண்ணாடி

ராங்லர்காரர்களுக்குப் பக்கக் கண்ணாடி தனி வேலை. கீலில் மாட்டும் வட்டக் கண்ணாடிகள் கிடைக்கின்றன, விலையும் குறைவு. ஆனால் கீல் துளைக்குள் செருகிவிடும் வகை, வண்டி வேகம் பிடித்ததும் காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டே போகும், கொஞ்ச நேரத்தில் உங்களுக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பதில் வானம் தெரியும். அடியில் நட் போட்டு இறுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதிர்வு எப்படியும் இருக்கும், முழுக்கப் போகாது. உள் கண்ணாடியை மட்டும் நம்பி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். சாமான் ஏற்றிவிட்டால் உள் கண்ணாடியில் சாமான்தான் தெரியும்.

உள்ளே என்ன செய்ய வேண்டும்

கதவை எடுத்த வண்டியில் கட்டாத பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கதவில்லாத வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது தண்ணீர்ப் பாட்டில் உருண்டு கீழே விழுந்தால் நஷ்டமில்லை, அதுவே உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போய் மாட்டினால் பெரிய விபத்து. கால் மிதியடியின் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மாட்டாத மிதியடியைக் காற்று தூக்கும். இழுவைக் கயிறு, அதை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிள், ஜாக், தீயணைப்பான் எல்லாம் தரையில் உள்ள வளையங்களோடு பட்டை போட்டுக் கட்டப்பட வேண்டும். போனைத் தொடையில் வைத்து ஓட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் இன்றைக்கு விடுங்கள், போன் ஹோல்டரில் மாட்டுங்கள். வண்டி ஆவணங்களையும் பணத்தையும் பூட்டக்கூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

உள் விளக்கு இன்னொரு தொல்லை. சில வண்டிகள், குறிப்பாகப் பழைய மாடல்கள், கதவு திறந்திருப்பதாகவே நினைத்து விளக்கை எரிய விட்டுக்கொண்டிருக்கும், மறந்தால் பேட்டரி இறங்கிவிடும். விளக்கு மங்கலாக்கும் சின்னச் சக்கரத்தை முழுக்கக் கீழே உருட்டி அணைத்துவிடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் அந்த ஃபியூஸை எடுத்து வைக்கலாம்.

ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில், ஓட்டுநர் கதவு திறந்து பெல்ட்டும் கழன்றால் வண்டி தானாக பார்க் நிலைக்குப் (சக்கரம் உருளாமல் கியர் பூட்டிக்கொள்ளும் நிலை) போகும் வசதி இருக்கிறது. கதவே இல்லாதபோது அது எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அதை நம்பி இறங்காதீர்கள். பார்க், கைப்பிரேக், இன்ஜின் நிறுத்தம், அப்புறம்தான் பெல்ட்டைக் கழற்றுவது. கதவு இல்லாததால் இறங்குவது ரொம்ப சுலபமாகிவிடுகிறது, அதனாலேயே மக்கள் யோசிக்காமல் இறங்கிவிடுகிறார்கள், சரிவில் நிற்கும் வண்டி மெல்ல உருளத் தொடங்கும்போது அதைப் பிடிக்க ஓடுகிறார்கள். உருளும் வண்டியை ஓடிப்போய்ப் பிடிக்கவே முயலாதீர்கள்.

பெல்ட்

வண்டி புரண்டால் உங்களை உள்ளே வைத்திருப்பது இது ஒன்றுதான். அதனால் மாட்டினோம் என்ற அளவில் விடாமல், முதலில் இடுப்பைச் சீட்டின் பின்பக்கத்தில் ஒட்டி உட்காருங்கள். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பு எலும்பின் மேல் தாழ்வாக இருக்கட்டும். பிறகு தோள் பட்டையை மேல்நோக்கி இழுத்து இடுப்பில் இருக்கும் தளர்வை எடுத்துவிடுங்கள். சாதாரணச் சாலையில் நாலு விரல் தளர்வு தெரியவே தெரியாது. சரிவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்போது அந்த நாலு விரல் தளர்வில் உங்கள் தோள் வண்டிக்கு வெளியே போய்விடும்.

கரடுமுரடான பாதைக்கு அடிக்கடி போகிறவர்கள் நாலு முனைப் பெல்ட்டும் திறப்பில் மாட்டும் வலையும் பற்றி யோசிக்கலாம். மணல்மேட்டில் ஓட்டும் சின்ன வண்டிகளில் இந்த வலை சாதாரணம். அதன் வேலை கை வெளியே போகாமல் தடுப்பது. குழாய்க் கதவு என்று கம்பியை வளைத்துச் செய்ததும் கிடைக்கிறது. பார்வையையும் கெடுக்காது, முழங்காலுக்கும் ஒரு தடுப்பு கிடைக்கும். என்னைக் கேட்டால், முதல் முறை கதவில்லாமல் போகிறவர்களுக்கு வெறும் திறப்பைவிட இதுதான் ஏற்றது. ஆனால் இதையும் தொழிற்சாலைக் கதவுக்கு ஈடாக நினைக்க வேண்டாம்.

ஓட்டும்போது

முதலில் வெட்ட வெளியில், சமதளத்தில், லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போவதற்கான கியர்) போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். சாய்மானம் இல்லாமல் உட்காருவது உடம்புக்குப் புதிதாக இருக்கும். கதவில் முழங்கையை ஊன்றி ஓட்டிப் பழகியவர்களுக்குக் கை எங்கே வைப்பதென்றே தெரியாது, தானாக வெளியே போகும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். இடது பக்கம் ஓட்டுநர் உட்காரும் வண்டியில் இடது கால் சும்மா இருக்கிறது என்று வெளியே தொங்கப் போட வேண்டாம். கீலில் மாட்டும் கால் மிதி என்று ஒன்று விற்கிறார்கள், காலை வெளியே நீட்டி வைத்துக்கொள்ள. நின்ற வண்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க அது சரி. ஓடும் வண்டியில், அதுவும் பாறைக்கு நடுவில், காலை அதில் வைத்திருப்பவர் பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் காலை வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இப்போது அந்த லாபத்துக்கு வருவோம். டயரைப் பார்க்க எட்டிப் பார்ப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. ரோல் கேஜின் (வண்டி புரண்டால் காக்க ஆட்களைச் சுற்றி இருக்கும் கம்பிக் கூண்டு) கம்பிகளை இணைத்து ஒரு தகடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், தலை அந்தத் தகட்டைத் தாண்டக் கூடாது. கழுத்தைத் திருப்பிக் கண்ணைக் கீழே இறக்கினாலே முன் டயரின் பின்பக்கமும் அதை ஒட்டிய தரையும் தெரியும், அதற்கு மேல் எட்ட வேண்டியதில்லை. எட்ட வேண்டும் என்று தோன்றினால் வண்டியை நிறுத்துங்கள், இறங்கிப் போய்ப் பாருங்கள், அல்லது கூட வந்தவரை முன்னால் நின்று கைகாட்டச் சொல்லுங்கள். வண்டி நகரும்போது கீழே பார்த்துக்கொண்டே இருந்தால் எதிரே வரும் மரம் தெரியாது. பார், முடிவெடு, நிமிர்ந்து உட்கார், பிறகு நகர். இந்த வரிசை மாறக் கூடாது. இன்னொன்று, உங்களுக்குத் தெரிவது உங்கள் பக்கத்து டயர் மட்டும். ஒரு பக்கம் நன்றாகத் தெரிகிற தைரியத்தில் மறுபக்கத்தை மறந்து அந்தப் பக்கம் பாறையில் ஏறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பக்கத்தில் இருப்பவரை அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பக்கச் சரிவுதான் கதவில்லாத வண்டிக்குக் கடினமான இடம். பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் உடம்பு பெல்ட்டில் தொங்குவது போலத் தெரியும், கீழே தரை தெரியும், பயம் வரும். பயத்தில் ஆள் கையை வெளியே நீட்டுவார், தரையில் ஊன்றி வண்டியைத் தாங்கிவிடலாம் என்பது போல. யோசித்துச் செய்வதில்லை, அனிச்சையாக நடப்பது. கதவு இருக்கும்போது அந்தக் கை கதவில் முட்டி நின்றுவிடும். கதவு இல்லாவிட்டால் கை வெளியே போகும், இரண்டு டன் எடை அதன் மேல் வரும். அதனால் சரிவுக்குள் நுழையும் முன்பே எல்லாரும் கையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஓட்டுபவர் ஸ்டியரிங்கில். முன்னால் இருப்பவர் டேஷ்போர்டில் உள்ள பிடியில். பின்னால் இருப்பவர்கள் முன் சீட்டின் பிடியிலோ தங்கள் பெல்ட்டின் தோள் பட்டையிலோ. ரோல் கேஜ் கம்பியைச் சுற்றி விரலைப் போட்டுப் பிடிக்கவே கூடாது, வண்டி கவிழ்ந்தால் முதலில் தரையைத் தொடுவது அந்தக் கம்பிதான்.

சரிவில் வண்டி பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் மெல்லத் திருப்பி, வண்டியின் மூக்கைக் கீழ்நோக்கி விடுங்கள். மேட்டுப் பக்கம் திருப்பினால் புரளும் வாய்ப்பு கூடும். வண்டி புரளவே போகிறது என்றாலும் குதிக்காதீர்கள். கதவு இல்லை, குதித்துவிடலாம் என்று தோன்றும். குதித்தவர் விழும் இடத்தில்தான் வண்டியும் விழும். சரிவில் வண்டி நின்றுவிட்டு இறங்கியே ஆக வேண்டும் என்றால் மேட்டுப் பக்கமாக இறங்குங்கள்.

புதர்ப் பாதையில் கிளைகள் நேராக உள்ளே வரும். முன் சக்கரம் தள்ளிவிட்ட கிளை வளைந்து, விடுபட்டதும் திறப்பின் உயரத்தில் சாட்டையடியாகத் திரும்பும், அது முதலில் படுவது முன்னால் இருப்பவரின் முகத்தில், அடுத்துப் பின்னால் இருப்பவரின் முகத்தில். கண்ணாடி அணியாமல் யாரும் உட்காரக் கூடாது, வெயில் கண்ணாடியானாலும் சரி, பணிமனையில் போடும் வெள்ளைக் கண்ணாடியானாலும் சரி. அடர்ந்த இடத்தில் நடை வேகத்துக்கு இறங்குங்கள். கிளையைக் கையால் தள்ளிவிடப் பார்க்காதீர்கள், நீளக் கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கிளை தடிமனாக இருந்தால் நிறுத்தி, ஒருவர் இறங்கிப் பிடித்துக்கொள்ளட்டும்.

சகதியில், டயர் மட்கார்டைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், முன் டயர் தூக்கும் சேறு முழுவதும் உள்ளேதான் வரும். சக்கரத்தைத் திருப்பும்போது இன்னும் மோசம். வேகத்தைக் குறைத்தால் சேறும் குறையும். சேறு வந்த பிறகு செருப்பு, ஷூ அடியைத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள், பிரேக் மிதியில் கால் வழுக்கும்.

தண்ணீர். ஜேஎல் ராங்லர் 30 அங்குலத் தண்ணீரில் இறங்கலாம் என்று நிறுவனம் சொல்வது இன்ஜினை வைத்து. நீங்கள் உட்கார்ந்திருக்கும் தரை அதைவிடத் தாழ்வாக இருக்கிறது. கதவு தண்ணீரை முழுக்கத் தடுக்காது என்றாலும் தாமதப்படுத்தும். கதவில்லாவிட்டால் நிலைப்படி உயரம் தாண்டியதும் ஓடை உள்ளே நடந்து வரும். அதோடு வண்டி தள்ளும் அலை, நிற்கும் தண்ணீரைவிட உயரமாக இருக்கும். அதனால் கதவில்லாத நாளில் உங்கள் அளவு நிலைப்படிக்குக் கீழேதான். இறங்கும் முன் கம்பு விட்டு ஆழம் பாருங்கள், கார்ப்பெட்டைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், 8 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். ராங்லரின் தரையில் வடிகால் அடைப்புகள் இருக்கின்றன, உள்ளே வந்துவிட்டால் அவற்றைத் திறந்து வடித்துவிடலாம், திரும்ப மாட்ட மறக்காதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீரில் ஆழம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இறங்காதீர்கள்.

புழுதி, வெயில், சத்தம் மூன்றுக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போகும் வண்டியின் புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள், மூக்கை மூடத் துணி வையுங்கள். வெயில் பக்கவாட்டிலிருந்து தொடை மேலும் கை மேலும் விழும், கூரை இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். கூரை மட்டும் போட்டுக் கதவை எடுத்தால் வேகத்தில் காற்று உள்ளே அடைபட்டு காதில் மொத்தும். அப்போது காது அடைப்பான் உதவும், ஆனால் வெளிச் சத்தம் முழுக்கக் கேட்காமல் போகும் அளவுக்கு வேண்டாம். சாலையில் சிறிது தூரம் போக வேண்டியிருந்தால் லாரிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிப் போகாதீர்கள், அதன் டயர் தெறிக்கும் கல் நேராக உங்கள் மேல்தான்.

வண்டி மாட்டிக்கொண்டால்

இதைப் பலரும் யோசிப்பதில்லை. வின்ச் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) போட்டோ இழுவைக் கயிறு போட்டோ வண்டியை எடுக்கும்போது கயிறு அறுந்தால், கொக்கி கழன்றால், அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. கதவு இருந்தால் உள்ளே இருப்பவருக்குக் கொஞ்சம் மறைப்பு உண்டு. கதவில்லாத வண்டியில் ஓட்டுநரைத் தவிர எல்லாரும் இறங்கி, கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குப் போய்விட வேண்டும், கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கயிற்றின் நடுவில் கனமான போர்வையோ அதற்கென்று விற்கும் பையோ போடுங்கள். பானெட்டைத் தூக்கி வைப்பதும் ஓட்டுநருக்கு ஒரு மறைப்பு, வழி தெரிய யாராவது கைகாட்டினால் போதும்.

குழந்தைகளும் நாயும்

இதில் நான் கறாராக இருக்கிறேன். பாறைப் பாதையிலும் பக்கச் சரிவிலும் கதவில்லாத வண்டியில் குழந்தைகள் வேண்டாம். கை வெளியே போகக் கூடாது என்று சொன்னால் ஐந்து நிமிடம் கேட்பார்கள், பட்டாம்பூச்சி பறந்தால் மறந்துவிடுவார்கள், அது அவர்கள் குற்றமில்லை. சமமான மண் பாதையில் கூட்டிப் போகத்தான் வேண்டுமென்றால் பின் கதவு இரண்டையும் மாட்டி வைத்து முன் கதவை மட்டும் கழற்றுங்கள், குழந்தைக்கான சீட் கட்டாயம். நாயைக் கழுத்துப் பட்டையில் கட்டவே வேண்டாம், வண்டி குலுங்கி நாய் வெளியே விழுந்தால் அந்தப் பட்டையே அதன் கழுத்தை நெரித்துவிடும். மார்போடு சேர்த்து மாட்டும் பட்டையை சீட் பெல்ட்டோடு இணைத்து, வெளியே எட்டாத நீளத்தில் வையுங்கள்.

நிறுத்தும்போது வண்டியில் எதையும் விட்டுப் போக முடியாது, இது வெளிப்படை. மழை வந்தால் இருக்கைகளும் சுவிட்சுகளும் நனையும். இந்த வண்டிகள் கொஞ்சம் நனைவதைத் தாங்கும், ஆனால் இரவு முழுக்க மழையில் விட வேண்டாம், தார்ப்பாய் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

திரும்ப மாட்டுவது

மாட்டும் முன் கீல் துளையையும் முள்ளையும் துணியால் துடையுங்கள். உள்ளே மணல் இருந்தால் அது முள்ளை அரைத்துவிடும். துளி கிரீஸ் போதும். கழற்றும்போது எடுத்து வைத்த பிளாஸ்டிக் வளையங்களை இடத்தில் வையுங்கள். இரண்டு பேர் தூக்கி மேல் முள்ளையும் கீழ் முள்ளையும் ஒரே நேரத்தில் துளைக்குள் இறக்க வேண்டும், ஒன்று இறங்கி மற்றது இறங்காமல் இருக்கும்போது கதவைத் திருகினால் கீல் வளையும். இறங்காவிட்டால் தூக்கி மறுபடி இறக்குங்கள், அவ்வளவுதான்.

உட்கார்ந்ததும் முதலில் தடுப்புப் பட்டையை மாட்டுங்கள், அப்புறம் வயர், அப்புறம் கீல் திருகு. திருகை முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம். அது கதவு மேலே எழும்பாமல் பிடிக்கத்தான், எடையைத் தாங்குவது முள்தான். அளவுக்கு மேல் இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது மரை போய்விடும். கனெக்டரின் பூட்டுத் தாழ் சொடுக்கென்று விழ வேண்டும். பிறகு கண்ணாடியை ஏற்றி இறக்கி, பூட்டைப் போட்டு எடுத்து, பக்கக் கண்ணாடியைத் திருப்பிப் பாருங்கள். கதவை ஒரு முறை சாத்தி, ரப்பர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். ஃபியூஸை எடுத்திருந்தால் அதையும் திரும்ப மாட்டுங்கள். அடுத்த நாள் ஓட்டிவிட்டு வந்த பிறகு கீல் திருகுகளை ஒரு முறை தொட்டுப் பாருங்கள், தளர்ந்திருந்தால் கால் சுற்று இறுக்கினால் போதும்.